லேமினேஷன் கடைக்குப் போகும் முன்

சென்ற மாதம் ஒருவர் கட்டைப்பையில் 43 அட்டைகளைக் கொண்டுவந்தார். எல்லாம் 1970களிலும் 80களிலும் வந்த தமிழ் காமிக்ஸ்களின் முன்னட்டைகள். ஒவ்வொன்றும் பளபளவென்று லேமினேட் செய்யப்பட்டு, முனை மழுங்க வெட்டப்பட்டிருந்தது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "எங்க வாட்ஸாப் குரூப்ல தினம் ஒருத்தர் அட்டை போடுவாங்கம்மா. நானும் போடுவேன். கெட்டுப்போகக் கூடாதுன்னு செலவு பண்ணி லேமினேட் பண்ணேன். இப்போ உள்ளுக்குள்ளயே பழுப்பு பரவுது, என்னன்னு பாருங்க" என்றார்.

உள்பக்கங்கள் எங்கே சார் என்று கேட்டேன்.

"அது தொட்டா நொறுங்குது. வீட்ல சத்தம் போட்டாங்க. பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுட்டேன்."

பழைய தாள்களைச் செப்பனிடுவது என் தொழில். நிலப் பத்திரம், ஜாதகம், தாத்தாவின் பள்ளிச் சான்றிதழ் என்று வந்துகொண்டிருந்த இடத்தில் இப்போது காமிக்ஸும் பத்திரிகை விளம்பரங்களும் நிறைய வருகின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் வருகிறவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே யாரோ ஒருவரின் அன்பினால் அடிபட்டவை. கரையான் தின்றதைவிட, காப்பாற்றுகிறேன் என்று கெடுத்ததே என் மேசையில் அதிகம்.

அந்தப் பழுப்புக்கு வருவோம். காமிக்ஸின் உள்பக்கம் பெரும்பாலும் நியூஸ்பிரிண்ட். மரத்தை அப்படியே அரைத்துச் செய்யும் மலிவுத் தாள். மரத்துக்கு விறைப்பைத் தரும் லிக்னின் அதிலேயே தங்கிவிடும். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது நிறம் மாறும், அமிலம் கூடும், அமிலம் நார்களை அறுக்கும். மடித்தால் ஒடிவது அதனால்தான். அட்டை கொஞ்சம் நல்ல தாள். மேலே களிமண் பூச்சு இருக்கும், நிறம் நிற்கும். ஆனால் பல ஆண்டுகள் அந்த உள்பக்கங்களோடு ஒட்டிக் கிடந்ததில் அமிலம் அதற்கும் இறங்கியிருக்கும்.

இந்த நிலையில் அதை இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்துச் சூடான உருளையில் விட்டால், அமிலத்தை உள்ளே போட்டுப் பூட்டியதாக ஆகும். பசை உருகித் தாளின் நாருக்குள் இறங்கிவிடும். முனை வெட்டிய இடம் திறந்துதான் இருக்கிறது. அதன் வழியே ஈரம் உள்ளே போகும், வெளியே வர நாளாகும். அவர் கொண்டுவந்தவற்றில் பலவற்றில் ஸ்டேப்ளர் பின் இருந்த இடத்துத் துரு அப்படியே சீல் ஆகியிருந்தது. பழுப்பு அங்கிருந்துதான் கிளம்பியிருக்கிறது. பிரிக்க முடியுமா என்றால், பிரித்தால் அச்சு மை பிளாஸ்டிக்கோடு வந்துவிடும். 43ல் ஒன்றைக்கூட நான் தொடவில்லை. வெயில் படாமல் வையுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

செல்லோடேப் இன்னொரு வினை. ஒட்டிய முதல் சில வருடம் ஒன்றும் தெரியாது. பிறகு பசை இளகி ஓரத்தில் கசியும், பக்கத்துத் தாளையும் பிடித்துக்கொள்ளும். அப்புறம் காய்ந்து மேல் நாடா தானாக உதிரும், தேன் நிறக் கறை மட்டும் தாளுக்குள் தங்கும். அதை எடுக்க நான் கரைப்பான்களோடு மல்லுக்கட்ட வேண்டும், முழுதாகவும் போகாது. கிழிந்த அட்டையைக் கிழிந்தபடியே ஒரு வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்திருங்கள். அப்படி வந்தால் மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுப் பசையும் வைத்து அரை மணி நேரத்தில் சரி செய்துவிடலாம், வேண்டுமானால் தண்ணீர் தொட்டுப் பிரித்தும் விடலாம்.

மாவுப் பசை என்றதும் பைண்டிங் கடைக்கு ஓடாதீர்கள். பழைய பைண்டர்கள் மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். பூச்சி வராது, உண்மைதான். ஆனால் அந்தச் செம்பு உப்பு தாளை உள்ளிருந்து அரிக்கும். பைண்டு செய்த பழைய வார இதழ்த் தொகுப்புகளில் முதுகு ஓரம் மட்டும் கருத்து உடைந்திருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். போதாக்குறைக்கு, பைண்டு செய்யும்போது மூன்று பக்கமும் ஓரத்தை வெட்டுவார்கள். அட்டை மூலையில் இருந்த விலையும் இதழ் எண்ணும் அந்தக் கத்திக்குப் போய்விடும்.

அந்த விலை மூலையைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

காமிக்ஸ் பழசாகும்போது முதலில் காணாமல் போவது தேதி. வருடம் எங்கோ ஒரு பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும், அந்தப் பக்கம் இருக்காது. அப்போது எனக்குத் துணை விலையும் விளம்பரங்களும்தான். விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முன். அந்த மாதம்தான் ரூபாய்க்கு நூறு பைசா என்ற தசம நாணயம் வந்தது. "ந.பை." என்று நயா பைசாக் கணக்கு இருந்தால் அதற்குப் பிறகு; 1964 ஜூனில் "நயா" அதிகாரபூர்வமாகக் கழன்றது. முகவரியில் "சென்னை-2" என்று மட்டும் இருந்தால் ஒரு காலம், "சென்னை-600 002" என்றால் இன்னொரு காலம். பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15 அன்று. சென்னை-2ல் இருந்த அந்தப் பழைய அஞ்சல் மண்டல எண்தான் புதிய எண்ணின் வாலில் உட்கார்ந்திருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? மெட்ராஸ் ஸ்டேட் என்று ஒரு கம்பெனி விலாசம் போட்டிருந்தால் 1969 ஜனவரிக்கு முன் என்று ஊகிக்கலாம். ஆனால் ஊர்ப் பெயரை வைத்து 1996க்கு முன்னா பின்னா என்று சொல்வது ஆங்கில விளம்பரத்துக்குத்தான் பொருந்தும். தமிழில் அது முன்பும் பெரும்பாலும் சென்னைதான்.

அடுத்தது எழுத்து வடிவம். தும்பிக்கை வைத்த பழைய லை, னை, சுழித்த ணா, றா இருந்தால் பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முற்பட்டது. பெரும்பாலும் என்றுதான் சொல்வேன். அரசாணை வந்த மறுநாளே அச்சகங்கள் மாறிவிடவில்லை. ஈய எழுத்துப் பெட்டியில் இருப்பது தீரும்வரை பழையதே ஓடியது. அந்த வடிவங்களை இங்கே தட்டச்சு செய்து காட்டலாம் என்று பார்த்தேன், என் கணினி எழுத்துருவில் வரவே இல்லை.

இப்படி நாலைந்து தடயத்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் அட்டையில்லாத ஒரு புத்தகத்தின் வயதை இரண்டு மூன்று வருடத்துக்குள் நெருங்கிவிடலாம். ஆகவே, படம் இருக்கும் பக்கத்தை வைத்துக்கொண்டு ஊக்கபானம், தைலம், தபால்வழிக் கல்வி விளம்பரங்கள் இருக்கும் பக்கத்தைக் கழிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. காமிக்ஸ் நாயகன் மாயாவி ஓடிய கதையை மறுபதிப்பில் வாங்கிவிடலாம். அதற்கு எதிர்ப்பக்கத்தில் வந்த மளிகைக்கடை விளம்பரம் மறுபதிப்பில் வராது. கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். அவர் ஒருவராகச் சேர்த்ததுதான் இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் போன்றவற்றையும் அவர் விடவில்லை.

இனிப் பகிர்வது. அட்டையைப் பகிராதீர்கள் என்று சொல்ல வரவில்லை. யாரும் பகிராமல் பரணில் கிடந்தவற்றின் கதி எனக்குத் தெரியும். ஸ்கேன் செய்யும்போது சில வேலைகளைச் செய்தால் போதும். ஓரத்தைத் தானாக வெட்டும் அமைப்பை நிறுத்திவிடுங்கள். தாளின் நாலு ஓரமும், அதைத் தாண்டி விரல் அகலம் வெற்றிடமும் தெரியட்டும். பின்னால் ஒரு கறுப்புத் தாள் வைத்தால் மறுபக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரியாது. ஸ்கேனின் நுணுக்க அளவு 400 டிபிஐக்குக் குறைய வேண்டாம், 600 நல்லது. புத்தகம் விரிய மறுத்தால் கண்ணாடியில் அழுத்தாதீர்கள். முதுகு ஒடிந்துவிடும். அரைகுறையாகத் திறந்து வைத்து மேலிருந்து கேமராவில் எடுங்கள். அழுக்கும் மடிப்பும் அப்படியே இருக்கும் ஒரு மூலக் கோப்பைத் தனியாக வைத்துவிட்டு, அழகுபடுத்துவதை நகலில் செய்யுங்கள். இப்போது படத்தைத் தெளிவாக்கித் தரும் செயலிகள் வந்துவிட்டன. முகத்தை அழகாக்குகின்றன, ஆனால் விளம்பரத்தின் அடியில் இருக்கும் பொடித் தமிழை எழுத்தே இல்லாத ஏதோ கோலமாக்கிவிடுகின்றன. அடுத்தவர் அதைத்தான் அசல் என்று சேமிப்பார்.

வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் அது அளவைச் சுருக்கும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். கோப்பின் பெயரிலேயே இதழ், எண், மாதம், வருடம், பக்கம் எழுதிவிடுங்கள். படத்துக்குக் கீழே குறிப்பாக எழுதியது மூன்றாவது ஃபார்வேர்டில் போய்விடும். உங்கள் பெயரை வாட்டர்மார்க் போடுவது உங்கள் விருப்பம், ஓவியர் கையெழுத்தின் மேல் மட்டும் போடாதீர்கள். அட்டை வரைந்த எத்தனையோ பேருக்கு அந்தக் கையெழுத்து ஒன்றுதான் மிச்சம்.

சட்டம் பற்றியும் கேட்கிறார்கள். நான் வக்கீல் இல்லை, பொதுவாக: புத்தகம் உங்களுடையது என்பதால் படத்தின் பதிப்புரிமை உங்களுடையது ஆகாது. நம் சட்டத்தில் படைப்பாளி இறந்த பிறகு 60 ஆண்டு. பெயரில்லாமல் வந்ததென்றால் வெளியானதிலிருந்து 60. அட்டையைக் காட்டிப் பேசுவது வேறு, முழுக் கதையையும் பிடிஎஃப் ஆக்கிச் சுற்றில் விடுவது வேறு.

இன்னொன்று. பழைய மருந்து விளம்பரங்களைப் போடும்போது கீழே ஒரு வரி வருடம் எழுதுங்கள். சர்க்கரை வியாதியை அறவே போக்கும் என்று உத்தரவாதம் கொடுத்த விளம்பரங்களைக் கட்டுப்படுத்தத்தான் 1954ல் தனிச் சட்டமே வந்தது. அப்படி ஒன்றை நான் வேடிக்கைக்காக அனுப்பப் போய், எங்கள் சித்தப்பா "இது எங்கம்மா கிடைக்கும்?" என்று கேட்டார்.

வைக்கும் இடத்துக்கு வருவோம். அட்டைகளை மைலார் (பாலியெஸ்டர்) அல்லது பாலிப்ரோப்பிலீன் உறையில் போடலாம். புது மழைக்கோட்டு வாசனை வரும் உறை பி.வி.சி., அது மையைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும். அந்துருண்டை வேண்டாம். அலமாரியைத் திறந்து மூடுகிற வீட்டில் இராமபாணப் பூச்சிக்கு அது பெரிய தடையில்லை, நமக்குத்தான் கெடுதல். வசம்பு வைக்கிற வழக்கமிருந்தால் துணியில் முடிந்து வையுங்கள், தாளோடு படவேண்டாம். பூச்சி கண்ணில் பட்டால் புத்தகத்தைப் பாலித்தீன் பையில் காற்றுப் போகாமல் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து எடுங்கள். எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் வெளியே கிடக்கட்டும், இல்லையென்றால் வியர்த்து நனையும்.

மழைக்காலம்தான் எனக்குப் பயம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வந்தவற்றில் செங்கல் மாதிரி இறுகிய அட்டைக்கட்டுகள் இருந்தன. அந்தக் களிமண் பூச்சு நனைந்தால் பசையாகிவிடும், காய்ந்தால் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும், பிறகு யாராலும் பிரிக்க முடியாது. நனைந்தால் வெயிலில் மொட்டைமாடியில் போடாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே நடுநடுவே எழுத்தில்லாத தாள் வைத்து, நிழலில் ஃபேன் காற்றில் விடுங்கள். அத்தனையையும் அன்றே செய்ய முடியாதென்றால் பையில் கட்டி ஃப்ரீசரில் போடுங்கள். ஈரத்தில் விட்டால் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை வந்துவிடும். குளிரில் கிடந்தால் நிதானமாக ஒவ்வொன்றாக எடுத்துக் காய வைக்கலாம்.

வங்கிக்காரர் நேற்று அழைத்தார். பரணில் இன்னொரு மூட்டை கிடைத்திருக்கிறதாம், இன்னும் பிரிக்கவில்லையாம். பழைய பேப்பர்காரர் வந்து வாசலில் நிற்கிறார், என்ன செய்ய என்று கேட்டார். அந்த மூட்டையை மட்டும் கொடுக்காமல் அப்படியே வையுங்கள் சார், ஞாயிற்றுக்கிழமை நானே வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறேன்.