டுல்டுங் கிடைத்தால் விசா கிடைத்ததாகுமா?

"அண்ணை, விசா கிடைச்சிட்டுது!" போன கிழமையும் ஒரு தம்பி எடுத்தார். தாளைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். வந்தது டுல்டுங், அதாவது நாடுகடத்தலை இப்போதைக்கு நிறுத்திவைத்திருக்கிறோம் என்று ஜேர்மனியில் கொடுக்கும் தாள். குறுக்கே சிவப்புக் கோடு. ஆச்சரியக்குறியோடு அச்சடித்தே இருக்கிறார்கள்: "வதிவிட அனுமதி அல்ல! வைத்திருப்பவர் நாட்டைவிட்டு வெளியேறக் கடமைப்பட்டவர்!" ஒரு தாள் இதற்குமேல் எப்படிக் கத்தும்?

ஜேர்மனியில் தமிழ் மொழிபெயர்ப்பாளனாக இருந்து இதைச் சொல்லிச் சொல்லியே தொண்டை வற்றிவிட்டது. யாரோ ஒருவர் எப்போதோ "தற்காலிக விசா" என்று சொல்லிவைக்க, அதுவே ஊர்ப்பேச்சாகிவிட்டது. சொல்லின் அடியைப் பாருங்கள். 'டுல்டன்' என்றால் பொறுத்தல், சகித்தல். பொறுமைக்கு அவர்களுடைய சொல் 'கெடுல்ட்'. இரண்டுக்கும் ஒரே வேர், நம்முடைய பொறுத்தலும் பொறுமையும் போல. வாசலில் நிற்பவரை இப்போதைக்குத் துரத்தவில்லை, அவ்வளவுதான். உள்ளே வந்து இருங்கோ என்று யாரும் சொல்லவில்லை.

மாற்று மதத்தவரைச் சகித்துக்கொள்வதற்கும் ஒரு காலத்தில் இதே சொல்தான். சகிப்பு தற்காலிகமாகவே இருக்க வேண்டும், ஏற்பில் போய் முடிய வேண்டும், வெறுமனே பொறுத்துக்கொள்வது அவமதிப்பு என்று எழுதினார் ஜேர்மன் கவிஞர் கோத்தே. 1965ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் 17ஆம் பிரிவில் இந்தச் சொல்லை வைத்தது. இன்றைய வதிவிடச் சட்டத்தில் 60ஏ பிரிவு. அதன் தலைப்பும் 'தற்காலிகம்' என்றுதான் தொடங்குகிறது: நாடுகடத்தலைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தல். நல்ல தற்காலிகம்! மூன்று மாதம், ஆறு மாதம் என்று நீட்டி நீட்டிப் பத்து வருடம் இழுபட்டவர்களுக்கும் நான் மொழிபெயர்த்திருக்கிறேன். அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், சங்கிலி டுல்டுங்.

சரி, செய்ய வேண்டியது. இதை நம்பி நாட்டைவிட்டு வெளியே போகாதீர்கள். வெளியேறினால் டுல்டுங் அற்றுப்போகும் என்று அதே பிரிவு சொல்கிறது. அந்தத் தம்பி லண்டனில் நடக்கும் மச்சாளின் கல்யாணத்துக்கு ரிக்கற் பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்குச் சேருமுன் தாளில் வேலை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். திகதி முடியுமுன் நீட்டிக்கப் போங்கள். தொழிற்பயிற்சி, நீண்டகால வாழ்வு என்று இதிலிருந்து உண்மையான வதிவிட அனுமதிக்குப் போகும் வழிகளும் உண்டு. அதைச் சட்டத்தரணியிடம் கேளுங்கள், கடைக்கார அண்ணரிடம் அல்ல.

இன்னொன்று, தயவுசெய்து எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். பெயரும் படமும் உள்ள பக்கத்தை மட்டும் அனுப்பிவிட்டு "நல்ல செய்திதானே அண்ணை?" என்றால் நான் என்ன சொல்ல?