பொண்ணுக்கு ஊசி, அம்மாவுக்குப் பரிசோதனை

மும்பையில் தாராவி, சயான் பக்கத்துத் தாய்மார்களில் பலர் இப்போது பொண்ணுக்கு ஹெச்பிவி ஊசி, அதாவது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைத் தடுக்கும் ஊசி போடலாமா என்று விசாரிக்கிறார்கள். தாராளமாகப் போடுங்கள். 9 முதல் 14 வயதுக்குள் போட்டால்தான் முழுப் பலன், ஏனென்றால் உடம்புக்குள் ஏற்கெனவே வந்துவிட்ட வைரஸை அந்த ஊசி விரட்டாது. 30 வயதைத் தாண்டிய அம்மாவைக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயிலிருந்து காப்பது பரிசோதனைதான். அதைத் தனக்கென்று கேட்கிற அம்மாக்கள் குறைவு என்பதுதான் என் கவலை.

மத்திய அரசின் 2016 வழிகாட்டுதலின்படி 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை இந்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அரசு மையங்களில் இது இலவசம். உங்கள் பகுதி மாநகராட்சி (பிஎம்சி) மருந்தகத்திலோ, வீட்டுக்கு வரும் ஆஷா சுகாதாரப் பணியாளரிடமோ எந்த நாளில், எங்கே செய்கிறார்கள் என்று கேளுங்கள். மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்துப் போங்கள். இந்தி சரளமாக வராது என்று தயங்க வேண்டாம். கேஸ் பேப்பர் (நோயாளிச் சீட்டு) எடுக்கும் இடத்தில் "பச்சேதானி கீ ஜாஞ்ச்" (கர்ப்பப்பைப் பரிசோதனை) என்றால் புரிந்துகொள்வார்கள்.

உள்ளே என்ன செய்வார்கள் என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. படுக்க வைத்து, சிறு கருவியால் கர்ப்பப்பை வாய் தெரியும்படி விரித்து, வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலத்தை நீர்க்கக் கலந்து பஞ்சால் தடவுவார்கள். ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். கோளாறான செல்கள் இருந்தால் அந்த இடம் வெளுக்கும். லேசாக எரியலாம். வெட்டு, தையல் எதுவும் கிடையாது. முடிவை அங்கேயே சொல்லிவிடுவார்கள்.

இவ்வளவு எளிய சோதனை உயிரைக் காக்குமா? நம் மும்பைக் குடிசைப் பகுதிகளிலேயே நிரூபித்திருக்கிறார்கள். டாட்டா மெமோரியல் மருத்துவமனை 1998-இல் தொடங்கிய ஆய்வில் சுமார் ஒன்றரை லட்சம் பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறை சோதனை. செய்தவர்கள் டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள். சோதனை செய்யாத பகுதிகளைவிட, செய்த பகுதிகளில் இந்தப் புற்றுநோய் மரணங்கள் 31 சதவீதம் குறைந்தன.

வெளுத்தது என்றாலே புற்றுநோய் என்று இடிந்துபோகாதீர்கள். வைரஸ் தொற்று புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டுக்கு மேலாகும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் தட்டாமல் போங்கள். ஆரம்ப நிலைக் கோளாறைக் குளிர்வித்தோ சூடுகாட்டியோ அகற்றிவிடலாம். உடலுறவுக்குப் பிறகு ரத்தம், மாதவிலக்கு நின்றபின் ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருந்தால் பரிசோதனை நாளுக்குக் காத்திராமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.

புற்றுநோய் என்றே உறுதியானாலும் மகாராஷ்டிர அரசின் மகாத்மா ஜோதிராவ் புலே மருத்துவ உதவித் திட்டத்தில் சிகிச்சைச் செலவுக்கு வழி உண்டு. அதற்கு மகாராஷ்டிர ரேஷன் கார்டு கேட்பார்கள். ஊர்க் கார்டை இன்னும் இங்கே மாற்றாதவர்கள் அந்த வேலையை இப்போதே தொடங்குங்கள்.