ஸ்குவாட்ரன்: சொல்லும் பொருளும்

போர் விமானம் பற்றிய செய்தியில் ஸ்குவாட்ரன் (ஒன்றாக இயங்கும் விமானங்களும் வீரர்களும் கொண்ட குழு) என்று வந்தால், 'படைப்பிரிவு' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். தரைப்படையின் ரெஜிமென்ட்டுக்கும் அதே சொல்தான், பிரிகேடுக்கும் அதேதான். அப்புறம் எது எதைக் குறிக்கிறது என்று வாசகர் எப்படிக் கண்டுபிடிப்பது?

மூலம் இத்தாலிய மொழி. 'ஸ்குவாத்ரா' என்றால் சதுரம். சதுரமாக அணிவகுத்த வீரர்களுக்கும் அதுவே பெயரானது. அதன் பெரிய வடிவம் 'ஸ்குவாத்ரோனே'. ஆங்கிலத்தில் முதலில் குதிரைப்படைக்கும், பிறகு போர்க்கப்பல் கூட்டத்துக்கும் வழங்கி, 1912இல் பிரிட்டனின் அன்றைய விமானப் படையான ராயல் ஃபிளையிங் கோர் உருவானபோது விமானத்துக்கு வந்தது. தேர்தல் சமயத்தில் காரை மறித்துப் பணம் தேடுகிற 'பறக்கும் படை'யின் ஆங்கிலப் பெயரான ஃபிளையிங் ஸ்குவாடில் உள்ள ஸ்குவாடும் இதன் பங்காளிதான். ஆக, பொருத்தமாகத் தோன்றும் அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது!

பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன் என்பது வெறும் எண்ணிக்கை அல்ல. அதற்கு ஓர் எண், முத்திரை, முழக்கம் உண்டு. கலைக்கப்பட்டாலும் பல ஆண்டு கழித்து அதே எண்ணில் மறுபடி உயிர்பெறும். 1918 ஏப்ரல் 1இல் தரைப்படை, கடற்படை இரண்டின் விமானப் பிரிவுகளும் இணைந்து ராயல் ஏர் ஃபோர்ஸ் ஆனபோது, கடற்படை ஸ்குவாட்ரன்களின் எண்ணோடு 200 கூட்டினார்கள். 1 என்பது 201 ஆனது.

நமக்கு நெருக்கமான உதாரணம் 264. 1918இல் கிரீட் தீவில் தொடங்கி, போர் முடிந்ததும் கலைந்து, 1939இல் மீண்டும் உருவானது. இரண்டாம் உலகப் போரில் விமானம் வாங்கப் பணம் கொடுத்த பகுதிகளின் பெயரைச் சில ஸ்குவாட்ரன்களுக்குச் சூட்டினார்கள். அப்படி 79, 234, 264 ஆகிய மூன்றுக்கும் கிடைத்த பெயர் 'மெட்ராஸ் பிரசிடென்சி'.

264 ஓட்டியது டிஃபையன்ட் விமானம். விமானிக்குப் பின்னால் சுழலும் கூண்டில் ஒருவர் நான்கு துப்பாக்கிகளோடு உட்கார்ந்திருப்பார். முன்பக்கம் சுட ஒன்றுகூடக் கிடையாது. 1940 மே மாதம் பிரான்சின் டன்கர்க் வானில் ஜெர்மானியர்கள் வழக்கம்போலப் பின்னாலிருந்து வந்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். விஷயம் புரிந்ததும் முன்னாலும் அடியிலும் வந்து தாக்கினார்கள். ஆகஸ்டில் 264 பட்ட அடி பலமானது. பிறகு இரவுச் சண்டைக்கு மாற்றிவிட்டார்கள். 264இன் முழக்கம் 'எதிர்த்து நிற்போம்', விமானத்தின் பெயரை ஒட்டியது; டிஃபையன்ட் என்றால் எதிர்த்து நிற்கிற என்று பொருள். ஸ்பிட்ஃபயர் (நெருப்பை உமிழ்வது) விமானம் ஓட்டிய 234இன் முழக்கம் இன்னும் காரம்: 'நெருப்பையும் சாவையும் உமிழ்கிறோம்'. 79 பிற்பாடு பர்மா போர்முனைக்கே வந்து போரிட்டது.

சரி, தமிழில் எப்படி எழுதலாம்? என் தேர்வு 'விமான அணி'. வரிசையாக நிற்பது என்ற பழைய பொருளும், தனி அடையாளமுள்ள குழு என்ற இன்றைய பொருளும் 'அணி'யில் இருக்கின்றன. '264ஆம் விமான அணி' என்றால் உறுத்தவில்லை. அதற்குள் வரும் சிறு பிரிவான ஃபிளைட்டை 'சிற்றணி' எனலாம். பதவிப் பெயரை மட்டும் ஸ்குவாட்ரன் லீடர் என்றே விட்டுவிடுவது நல்லது. 'அணித் தலைவர்' என்றால் அணிக்கே அவர்தான் தலைமை என்றாகிவிடும். பிரிட்டனில் இன்றைக்குப் பெரும்பாலும் அந்தப் பொறுப்பில் இருப்பவர் அவருக்கு ஒரு படி மேலே உள்ள விங் கமாண்டர்.