கடைக்குள் வெள்ளம் வந்தால் யார் தருவார்கள்? வைகைக் கரை வியாபாரிகள் இப்போதே பார்க்க வேண்டியவை

கடை மூழ்கியதும் மனுவை எழுதிக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்கு ஓடுவது நம் ஊர் வழக்கம். அந்த ஓட்டம் பெரும்பாலும் வீண். பேரிடர் நிவாரண நிதி விதிகளில் உயிருக்கும் வீட்டுக்கும் பயிருக்கும் மாட்டுக்கும் தொகை எழுதியிருக்கிறார்கள். கடைச் சரக்குக்கு அதில் இடமே இல்லை. கைத்தறி நெசவாளர்களும் கைவினைஞர்களும் மட்டும் கருவிகளுக்கு 5,000 ரூபாய், மூலப்பொருளுக்கு 5,000 ரூபாய் கேட்கலாம். அதற்கும் உரிய அதிகாரியின் சேதச் சான்று வேண்டும். 2023 டிசம்பரில் தென் மாவட்டங்களை வெள்ளம் புரட்டிப்போட்டபோதும் சிறு வணிகர்களுக்கு அறிவிக்கப்பட்டது சலுகை வட்டிக் கடன்தான். கடனைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே கையில் இருக்க வேண்டியது காப்பீடு. ஓரிடத்திலுள்ள மொத்தச் சொத்து மதிப்பு 5 கோடி ரூபாய்க்குள் இருக்கும் தொழில்களுக்கென ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற பொதுப் பாலிசி 2021 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. தீ, புயல், வெள்ளம் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். பொதுக் காப்பீட்டு நிறுவனம் எதிலும் கேட்கலாம். எடுப்பது எளிது. எடுத்த பாலிசி சமயத்தில் கைகொடுக்காமல் போவதுதான் அதைவிட எளிது.

“எனக்குத்தான் பேங்கே பாலிசி போட்டிருக்கிறதே” என்பார்கள். மதுரை செல்லூரில் ஒரு மளிகைக் கடைக்காரரும் அப்படித்தான் நம்பியிருந்தார். கடன் கணக்கில் ஆண்டுதோறும் பிரீமியம் பிடித்திருந்தார்கள். பாலிசித் தாளை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. தண்ணீர் வடிந்தபின் குடோனில் துவரம் பருப்பு மூட்டைகள் ஊறிப் புடைத்து, தையல் விட்டு, புளித்த நாற்றத்தோடு கிடந்தன. பாலிசியை வரவழைத்துப் பார்த்தால் அதில் இருந்தது கடை முகவரி மட்டும். குடோன் இரண்டு தெரு தள்ளி இருந்தது. ஒரு ரூபாய்கூட வரவில்லை. வங்கியோ, “நீங்கள் சொல்லியிருக்க வேண்டும்” என்று கைகழுவியது.

இன்றைக்கே வங்கிக் கிளைக்குப் போய்ப் பாலிசி நகலைக் கேளுங்கள். “சிஸ்டத்தில் இருக்கிறது” என்பார்கள். அந்தப் பதிலோடு திரும்பி வராதீர்கள். பாலிசி எந்தத் தேதி வரை என்று பாருங்கள். பழைய கதவு எண், புதிய கதவு எண், குடோன், மாடி என எல்லா முகவரியும் இருக்கிறதா, சரக்குக்கு மட்டுமா அல்லது அலமாரி, ஃப்ரீசர், மாவு மில்லுக்கும் சேர்த்தா என்று பாருங்கள். தரைக்குக் கீழே சரக்கு வைப்பவர்கள் அதை எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். விட்டுப்போனதை எண்டார்ஸ்மென்ட் என்று கேட்டுச் சேர்க்கலாம். ஆற்றில் தண்ணீர் வந்தபிறகு போனால் உங்களைக் கண்டதும் கவுன்டர் மூடும்.

அடுத்தது தொகை. பிரீமியத்தில் மிச்சம் பிடிக்கிறேன் என்று 20 லட்சம் ரூபாய்ச் சரக்கை 10 லட்சத்துக்கு எழுதியிருந்தால், 4 லட்சம் நஷ்டத்துக்கு 2 லட்சம்தான் கணக்கு. 15 சதவீதம் வரை குறைந்தால் பொறுத்துக்கொள்வார்கள். அதைத் தாண்டினால் வெட்டுத்தான். தீபாவளிக்குச் சரக்கு நிரம்புவதும் வடகிழக்குப் பருவமழை கொட்டுவதும் ஒரே சமயம். அந்த உச்ச இருப்பைக் கணக்கில் எடுத்துத் தொகையை எழுதுங்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்களுக்கு இன்னொரு அடி உண்டு: அழிந்த சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவை, அதாவது வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டிக்கு எடுத்த கழிவை, அரசுக்குத் திருப்ப வேண்டும். அந்த வரியையும் காப்பீட்டுத் தொகையில் சேர்க்கச் சொல்லி ஏஜெண்டிடம் எழுதி வாங்குங்கள். சொல்லாமல் அவராகச் செய்யமாட்டார்.

வைகை அணையின் முழு உயரம் 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. முதல் எச்சரிக்கை வந்ததும் செல்போனை எடுத்துக் கடையின் ஒவ்வொரு அலமாரியையும் வீடியோ எடுங்கள். கொள்முதல் பில்கள், இருப்புப் பதிவேடு எல்லாவற்றையும் படமெடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளுங்கள். பில் புத்தகமும் சரக்கோடு சேர்ந்து நனைந்துபோகும் என்பதை யாரும் நினைப்பதில்லை. சரக்கை வேறு இடத்துக்கு மாற்றினால் அதையும் நிறுவனத்துக்கு எழுதுங்கள்.

ஆற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவும் கூடாது. 2024 அக்டோபரில் செல்லூர்ப் பக்கம் தெருக்களில் நின்றது கண்மாயும் வாய்க்காலும் கொண்டுவந்த தண்ணீர். “ஆறு கரை புரளவில்லையே, இது சாக்கடைத் தண்ணீர்தானே” என்று நஷ்டத்தை மதிப்பிட வரும் சர்வேயர் இழுப்பார். பாலிசியில் வெள்ளத்தோடு நீர் சூழ்வதும் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த வரியைக் காட்டுங்கள்.

தண்ணீர் புகுந்த அன்றே மின்னஞ்சலில் தகவல் கொடுத்துக் கோரிக்கை எண் வாங்குங்கள். ஏஜெண்டுக்குப் போனில் சொன்னதைத் தகவலாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். சர்வேயர் பார்க்கும் முன் நனைந்த சரக்கைக் குப்பை வண்டியில் ஏற்றாதீர்கள். நாற்றம் தாங்காமல் மாநகராட்சி அள்ளத்தான் செய்யும் என்றால், மூட்டைகளை எண்ணி, படமெடுத்து, கொஞ்சம் மாதிரி எடுத்துவைத்து, “இன்று அகற்றுகிறோம்” என்று மின்னஞ்சல் போட்டபிறகு ஏற்றுங்கள்.

பிறகுதான் அலைக்கழிப்பு. மழை அளவுச் சான்று கொண்டுவா என்பார்கள். விஏஓ சான்று கொண்டுவா என்பார்கள். விஏஓவோ, “வீடுகளுக்குத்தான் கணக்கெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்” என்பார். இந்தப் பந்தாட்டத்தில் மாதம் போய்விடும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 சுற்றறிக்கைப்படி, தகவல் கொடுத்த 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும். அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும். அறிக்கை வந்த 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். ஆவணம் இல்லை என்பதற்காகக் கோரிக்கையை நிராகரிக்கவும் கூடாது. இந்தச் சுற்றறிக்கையைப் பெயர் சொல்லி மின்னஞ்சலில் குறிப்பிட்டாலே பேச்சின் தொனி மாறுவதைக் கண்டிருக்கிறேன்.

கடைசியில் ஒரு தாளை நீட்டுவார்கள்: ‘முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்.’ தொகையில் திருப்தி இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். ஆட்சேபத்தை எழுத்தில் அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, தனி உரிமையாளர்களும் குறுந்தொழில் செய்பவர்களும் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்க முடியும். நிராகரிப்புக் கடிதம் வந்து ஓராண்டுக்குள் எழுதிவிட வேண்டும்; அந்தக் கடிதத்தின் உறையைக்கூடத் தூக்கிப்போடாதீர்கள், தபால் முத்திரைத் தேதி அதில்தான் இருக்கும்.