‘மாத்திரை கொடுத்து மாற்றிவிடலாம்’ என்று எந்த டாக்டரும் சொல்லக்கூடாது: சட்டம் என்ன சொல்கிறது?

மதுரைப் பக்கம் ஒரு வீட்டில் பையன் தன்னைப் பெண் என்றோ, பெண்பிள்ளை தன்னை ஆண் என்றோ சொல்லிவிட்டால் முதலில் கோடாங்கி பார்ப்பார்கள், அப்புறம் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போய், “மூளையை ஸ்கேன் எடுத்துப் பாருங்க சார், ஏதாச்சும் கோளாறு இருந்தா சரி பண்ணிடுங்க” என்று கேட்பார்கள். பெற்றவர்களின் தவிப்பு புரிகிறது. ஆனால் அந்த மருத்துவர் ‘சரி பண்ணித் தருகிறேன்’ என்று சிகிச்சையைத் தொடங்கினால் அது விதிமீறல். அவருடைய பதிவே ரத்தாகலாம்.

இந்தத் தடை பிறந்ததே மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கில்தான். சேர்ந்து வாழ விரும்பிய அவர்கள் சென்னைக்குப் போய்விட, வீட்டார் காணவில்லை என்று புகார் கொடுக்க, பாதுகாப்புக் கேட்டு இருவரும் உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தைத் தானே முதலில் புரிந்துகொள்ள வேண்டும் என்று உளவியல் நிபுணர் ஒருவரிடம் பாடம் கேட்டுவிட்டுத்தான் 2021 ஜூன் 7 அன்று உத்தரவு போட்டார். ஒருவரின் பாலீர்ப்பையோ (யார் மீது ஈர்ப்பு வருகிறது என்பதையோ) திருநர் ஒருவரின் பாலின அடையாளத்தையோ மருத்துவத்தால் ‘குணப்படுத்த’ முயலக்கூடாது, முயல்பவர் மீது உரிமத்தைப் பறிப்பது வரை நடவடிக்கை எடுக்கலாம் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையமும் இப்படி ஒருவரின் ஈர்ப்பையோ அடையாளத்தையோ மாற்றப் பார்க்கும் ‘மாற்று சிகிச்சை’ (கன்வர்ஷன் தெரபி) தொழில்முறை ஒழுக்கக்கேடு என்று மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கு எழுதிவிட்டது. காணவில்லை என்று வரும் புகாரில் சம்பந்தப்பட்டவர்கள் வயதுவந்தவர்கள், விருப்பப்பட்டே போனார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு தொந்தரவு செய்யாமல் போலீஸ் புகாரை முடித்துவிட வேண்டும் என்பதும் அதே உத்தரவில்தான் இருக்கிறது.

இனி மூளை விஷயம். 1995இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், இறந்துபோன ஆறு திருநங்கைகளின் மூளையை ஆராய்ந்து, ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதியை ஒட்டிய ஒரு சிறு இடம் பெண்களுடையதைப் போன்ற அளவில் இருந்ததாக எழுதினார்கள். உலகமே பேசியது. ஆனால் அந்தத் திருநங்கைகள் பெண் ஹார்மோன் எடுத்துக்கொண்டவர்கள், அந்த அளவுக்கு ஹார்மோனே காரணமாக இருக்கலாமே என்ற கேள்வி அப்போதே எழுந்தது. 2002இல் இன்னொரு முடிச்சு விழுந்தது: அந்தப் பகுதியில் ஆண் பெண் வித்தியாசம் வளர்ந்த பிறகுதான் தெரிகிறதாம், ஆனால் திருநர்களில் பலர் சின்ன வயதிலிருந்தே அப்படி உணர்ந்ததாகச் சொல்கிறார்கள். 2015இல் 1,400க்கும் மேற்பட்ட மூளை ஸ்கேன்களைப் பார்த்த இஸ்ரேலிய ஆய்வாளர் டாஃப்னா ஜோயலின் குழு, பெரும்பாலான மூளைகளில் இரண்டு பாலுக்கும் உரிய கூறுகள் கலந்தே கிடக்கின்றன என்றது. ஆக, ஒருவர் திருநரா இல்லையா என்று சொல்லும் ஸ்கேன் எதுவும் கிடையாது, அதற்கென்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள். காரணம் இன்னும் தெரியவில்லை என்பது, ஒருவரைப் பிடித்து மாற்றப் பார்ப்பதற்கான அனுமதியும் ஆகாது.

உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் திருநராக இருப்பதை மனநோய் அத்தியாயத்திலிருந்தே எடுத்துவிட்டது, 2022 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஜெண்டர் டிஸ்ஃபோரியா என்று டாக்டர்கள் எழுதுவது, உடலும் உள்ளுணர்வும் ஒத்துப்போகாததால் வரும் வேதனையை. நமது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவும், ஊர் வழக்கத்துக்கு ஒத்துவரவில்லை என்பதை வைத்து யாரையும் மனநோயாளி என்று முடிவுகட்டக் கூடாது என்கிறது.

சிகிச்சையில் விவாதமே இல்லையா என்றால், இருக்கிறது. வளரிளம் பிள்ளைகளுக்குப் பருவமாற்றத்தைத் தள்ளிப்போடும் மருந்து கொடுப்பதற்கான ஆதாரம் பலவீனமாக இருக்கிறது என்று இங்கிலாந்தில் 2024இல் வந்த, குழந்தைநல மருத்துவர் ஹிலரி காஸின் அறிக்கை சொன்னது. பல நாட்டு மருத்துவர்கள் அதோடு முரண்படுகிறார்கள். பெற்றவர்கள் இதைக் கேட்டுப் பயப்படுவது நியாயம்தான், அவசரப்படாமல் இருப்பதும் நல்லது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: மாற்று சிகிச்சைக்கு யாரையும் உட்படுத்தக் கூடாது என்று சொல்வதும் அதே அறிக்கைதான்.

சரி, கவுன்சலிங்கே தடையா? இல்லை. பிள்ளை என்ன உணர்கிறது, தூங்குகிறதா, படிப்பு எப்படிப் போகிறது, வீட்டில் யாரிடம் மனம்விட்டுப் பேச முடிகிறது என்று பொறுமையாகக் கேட்கும் ஆலோசனை நிச்சயம் வேண்டும். முடிவை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு அதை நோக்கித் தள்ளுவதைத்தான் தடுத்திருக்கிறார்கள்.

சிகிச்சை வேண்டும் என்று நினைக்கும் திருநர்களுக்கு ஆலோசனை, ஹார்மோன், அறுவை சிகிச்சை வசதிகளை அரசு செய்துதர வேண்டும் என்று திருநர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் 15ஆம் பிரிவு சொல்கிறது. மதுரையில் அதற்கு அரசு ராசாசி மருத்துவமனையில் கேளுங்கள், திருநர்களுக்கென்று தனி கிளினிக் அங்கே இருக்கிறது. புறநோயாளிகள் பிரிவில் கூச்சப்படாமல் விசாரிக்கலாம்.

யாராவது உங்களுக்கு மாற்று சிகிச்சை கொடுத்தால், மருந்துச்சீட்டு, பில், வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் பத்திரப்படுத்தித் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். கோடாங்கியோ போலி வைத்தியரோ கவுன்சில் வரம்பில் வரமாட்டார்கள், ஆனால் அடிப்பதும் அடைத்து வைப்பதும் யார் செய்தாலும் குற்றம், அதற்குக் காவல் நிலையம்தான். வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம், அல்லது 15100க்கு அழைக்கலாம். மனம் தாங்காத ராத்திரிகளில் பேச, அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை, பெற்றவர்களும் கூப்பிடலாம்.