இங்கிலாந்துச் சேமக்காலையில் நினைவுக்கல்: முதலில் பத்திரத்தைத் தேடுங்கள்

ஊரில் சேமக்காலையில், அதாவது கல்லறைத் தோட்டத்தில், கல்லறை கட்டுவதென்றால் பங்குச் சுவாமியிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு, தெரிந்த மேசனையும் நாலைந்து பை சீமெந்தையும் கொண்டுபோவோம். இரண்டு நாளில் வேலை முடிந்துவிடும். அந்த நினைப்போடு இங்கிலாந்தில் நினைவுக்கல் வைக்கப் புறப்படுகிறவர்கள்தான் ஓராண்டு நினைவுநாளுக்குக் கல் இல்லாமல் நிற்கிறார்கள். இங்கே கல் வாங்குவது கடைசி வேலை. முதல் வேலை, அந்தக் குழியின் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்பது.

“கவுன்சிலிடம் குழி வாங்கினோம்” என்று நாம் சொன்னாலும், நிலம் என்றைக்கும் கவுன்சில் என்கிற உள்ளூராட்சி மன்றத்துடையதுதான். நாம் காசு கட்டி வாங்குவது, அந்தக் குழியில் யாரை அடக்கம் செய்வது என்று தீர்மானிக்கும் தனியுரிமை. அதற்கும் காலவரை உண்டு. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும் 1977ஆம் ஆண்டின் உள்ளூராட்சிக் கல்லறைத் தோட்ட ஆணையின்படி, ஒரு தடவையில் 100 ஆண்டுக்கு மேல் இந்த உரிமையைக் கொடுக்க முடியாது. பல கவுன்சில்கள் 50 அல்லது 75 ஆண்டோடு நிறுத்திக்கொள்கின்றன. கல் வைக்கும் உரிமை இதிலிருந்து வேறானது. சில இடங்களில் இரண்டையும் ஒரே பத்திரத்தில் தருவார்கள். வேறு இடங்களில் கல்லுக்குத் தனி அனுமதி, தனிக் கட்டணம், தனிக் காலவரை. குழிக்குக் கட்டிய காசுக்குள் கல்லும் அடங்கிவிட்டது என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

பத்திரத்தில் பெயர் உள்ளவர்தான் கல்லுக்கான விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். இறுதிச் சடங்குக்கு முழுச் செலவையும் செய்தவராக இருந்தாலும், மூத்த மகனாக இருந்தாலும், பத்திரத்தில் பெயர் இல்லாவிட்டால் அவர் கையெழுத்து செல்லாது. நம் குடும்பங்களில் அடிக்கடி நடப்பது இது: அப்பா இறக்கும்போது குழியை அம்மா பெயரில் எடுக்கிறார்கள். பத்து வருடம் கழித்து அம்மாவையும் அதே குழியில் வைக்கிறார்கள். உரிமையாளர் என்ற முறையில் அவரை அங்கே அடக்கம் செய்வதில் தடை இருக்காது. ஆனால் அடுத்த மாதம் கல்லில் அம்மாவின் பெயரைச் சேர்க்கப் போனால், உரிமையாளர் அந்தக் குழிக்குள் இருக்கிறார், கையெழுத்துப் போட ஆளில்லை.

அப்போது உரிமையைப் பெயர் மாற்ற வேண்டும். உயில் இருந்து நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியிருந்தால் நீதிமன்றம் தந்த பத்திரத்தின் பிரதி போதும். உயில் இல்லாவிட்டால் சொத்து நிர்வாகப் பத்திரம் கேட்பார்கள். பெரிய சொத்து எதுவும் இல்லாததால் இரண்டுமே எடுக்கவில்லை என்றால், சொலிசிட்டர் முன்னிலையில் சத்தியக் கூற்று ஒன்று கொடுத்து, மற்றப் பிள்ளைகளின் எழுத்துமூலச் சம்மதத்தையும் இணைக்க வேண்டும். ஒருவர் டொராண்டோவில், ஒருவர் பாரிஸில், ஒருவர் மூத்தவரோடு கதைக்காமலே ஆறு வருடம். இந்தக் கையெழுத்துகளைச் சேர்க்க எவ்வளவு நாள் ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். உரிமையாளர் உயிரோடு இருக்கும்போதே வேறொருவர் பெயருக்கு மாற்றவோ இன்னொரு பெயரைச் சேர்க்கவோ முடியும். ஒரு படிவமும் ஒரு கட்டணமும்தான். அம்மாவிடம் இதைப் பேசச் சங்கடமாக இருக்கலாம், ஆனாலும் பேசிவிடுங்கள்.

உரிமையாளரைத் தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் 1977 ஆணையிலேயே ஒரு வழி இருக்கிறது. அந்தக் குழியில் இருப்பவரின் உறவினர்தான் என்று ஒருவர் கவுன்சிலைத் திருப்திப்படுத்தினால், கல் வைக்கும் உரிமையை அவருக்குக் கொடுக்கலாம். கொடுக்கலாம் என்பதுதான், கொடுத்தே ஆக வேண்டும் என்பதல்ல.

பத்திரம் சரியென்றால் அடுத்தது இடத்தின் விதி. புல்வெளிப் பகுதி என்று சொல்லப்படும் இடத்தில் தலைமாட்டில் ஒரு கல் மட்டும்தான். சுற்றுக்கட்டு, கண்ணாடிக் கூழாங்கல், வேலி எதுவும் கூடாது. புல்வெட்டும் இயந்திரம் வரிசையாகப் போக வேண்டும் என்பதே காரணம். வைத்தால் கவுன்சில் எடுத்துவிடும். ஊர்க் கல்லறை மாதிரி முழு நீளத்துக்கும் கட்ட ஆசை என்றால், குழி வாங்கும் நாளிலேயே அதற்கு அனுமதியுள்ள பகுதியைக் கேட்டு வாங்க வேண்டும். பிறகு மாற்ற முடியாது. கல்லின் உயரம், அகலம், தடிப்பு எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு கல்லறைத் தோட்டமும் தன் அளவை எழுதி வைத்திருக்கும். லண்டனில் உள்ள லெய்டன்ஸ்டோன் புனித பற்றிக், கென்சல் கிரீன் புனித மரியாள் போன்ற கத்தோலிக்கச் சேமக்காலைகளுக்குத் தனி விதிகள்.

விண்ணப்பத்தைப் பெரும்பாலும் கல் செய்கிறவரே அனுப்புவார். அளவோடு கூடிய வரைபடம், கல்லின் வகை, எழுதப்போகும் வாசகம், எப்படி நிலத்தோடு பொருத்துவார் என்ற விவரம், உங்கள் கையெழுத்து எல்லாம் அதில் இருக்கும். அனுமதி கைக்கு வருமுன் முழுக் காசையும் கட்டாதீர்கள். கறுப்புக் கிரனைட் நிறைய இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. அளவு தவறி வந்த கல்லைத் திருப்பி அனுப்ப யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

கவுன்சில் முன்னதாகவே வரிசை நெடுக கொங்கிரீட் தளம் போட்டிருந்தால் கல்லைச் சீக்கிரம் வைக்கலாம். இல்லாவிட்டால் மண் இறுகும்வரை பொறுக்க வேண்டும். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை சொல்வார்கள். இதை வீண் இழுத்தடிப்பு என்று கோபிக்க வேண்டாம். தோண்டி நிரப்பிய மண் தாழும்போது மேலே நிற்கும் கல்லும் சாயும்.

சாய்ந்தால் என்ன என்று கேட்டால், கணக்கைப் பாருங்கள். மூன்றடி உயரம், இரண்டடி அகலம், நாலங்குலத் தடிப்புள்ள கிரனைட் ஏறத்தாழ 150 கிலோ. 2015இல் கிளாஸ்கோவின் கிரெய்க்டன் கல்லறைத் தோட்டத்தில் விளையாடிய எட்டு வயதுப் பையன் ஒருவன் நினைவுக்கல் விழுந்து இறந்தான். பழைய காலத்தில் கல்லையும் பீடத்தையும் சாந்து பூசி ஒட்டிவிட்டு, நடுவே குட்டையாக ஓர் இரும்பு முனை வைப்பார்கள். உறைபனியில் சாந்து விட்டுவிடும், இரும்பு துருவேறிக் கல்லைப் பிளக்கும். இப்போது செய்யும் முறையில் கீழே கொங்கிரீட் அடித்தளம், அதன்மேல் பீடம், அதன்மேல் கல். துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் கல்லையும் பீடத்தையும் கோத்துப் பிடிக்கும். நிலத்துக்குள் இறங்கும் நங்கூரக் கம்பி முழுவதையும் கட்டிப்போடும். சாந்து விட்டாலும் கல் விழாது. பீடமில்லாத ஒற்றைக் கல்லென்றால் அதன் கீழ்ப்பகுதியையே போதிய ஆழத்துக்குப் புதைப்பார்கள்.

இதற்கான பிரித்தானியத் தரநிலை பிஎஸ் 8415. நினைவுக்கல் செய்வோரின் தேசியச் சங்கமும் செயல்முறைக் கோவை ஒன்றை வைத்திருக்கிறது. அந்தச் சங்கத்தின் சுருக்கப் பெயரைத் தமிழில் எழுதினால் ‘நாம்’ என்று வரும், காதுக்குச் சொந்தம்போல் ஒலிக்கிறது. தகுதி பெற்ற கல் செய்வோரின் பெயர்கள் உள்ள ‘பிராம்’ என்ற பதிவேட்டில் இருப்பவர்களை மட்டுமே தோட்டத்துக்குள் வேலை செய்ய விடும் கவுன்சில்கள் நிறைய. ஆகவே மாமாவின் கூட்டாளி பாதி விலைக்கு வைத்துத் தருகிறார் என்றால், அவர் பதிவில் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். வேலை முடிந்ததும், தரநிலைப்படி பொருத்தியதாக எழுத்தில் வாங்கி, பத்திரத்தோடு வைத்துவிடுங்கள்.

இங்கிலாந்துத் திருச்சபையின் கோயில் வளவில் அடக்கம் செய்தவர்களுக்குக் கதையே வேறு. அங்கே கவுன்சில் விதி செல்லாது, திருச்சபைச் சட்டம்தான். மறைமாவட்ட நீதிபதி வகுத்த விதிக்குள் அடங்கும் கல்லுக்கு மட்டும் அந்தக் கோயில் குருவானவர் தானே அனுமதி தரலாம். பளபளக்கும் கறுப்புக் கிரனைட், புகைப்படம், சுற்றுக்கட்டு போன்றவை பெரும்பாலும் அந்த விதிக்கு வெளியே போய்விடும். அவற்றுக்கு மறைமாவட்ட நீதிமன்றத்தில் தனியாக மனுப் போட வேண்டும்.

வேற்றுமொழி வாசகமும் அங்கே வழக்கு வரை போயிருக்கிறது. கொவென்ட்ரி மறைமாவட்டத்தில் ஒரு குடும்பம், “எங்கள் இதயங்களில் என்றென்றும்” என்று பொருள்படும் ஐரிஷ் வரியைத் தாயின் கல்லில் எழுதக் கேட்டது. ஆங்கில மொழிபெயர்ப்பு இல்லாவிட்டால் அரசியல் முழக்கமென்று யாராவது நினைக்கக்கூடும் என்று 2020இல் நீதிபதி மறுத்தார். 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றமான ஆர்ச்சஸ் நீதிமன்றம் அதை மாற்றி, ஐரிஷ் மட்டும் இருக்க அனுமதித்தது. தமிழில் எழுத நினைக்கிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. கவுன்சில் தோட்டங்களில் தமிழ் வாசகத்தைத் தடுப்பது அரிது. விண்ணப்பத்தோடு ஆங்கில மொழிபெயர்ப்பைக் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள்.

தமிழுக்கு உண்மையான ஆபத்து கல் செய்கிறவரின் கணினியில் இருக்கிறது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டி மின்னஞ்சலில் அனுப்பினால் அவர் திரையில் அது ஆங்கில எழுத்துக் குப்பையாக விழும். யுனிகோடில் அனுப்பினாலும், கல் வெட்டும் மென்பொருளுக்குத் தமிழ் தெரியாவிட்டால் ‘கொ’வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி அடுத்த எழுத்தில் ஏறும். அவருக்கு இது தெரிய வழியே இல்லை. வாசகத்தை எழுத்துருவாக அல்லாமல் கோட்டுருவமாக மாற்றிய பிடிஎஃப் கோப்பாகக் கொடுங்கள். பிறகு அவர் அனுப்பும் மாதிரியை வீட்டில் இருவர் தனித்தனியாக, எழுத்தெழுத்தாக வாசியுங்கள். நீங்கள் ஒப்பம் வைத்த பிறகு வரும் பிழை உங்கள் கணக்கில்தான் சேரும்.

எழுத்துக்கு இவ்வளவு என்று விலை சொல்கிறவர்களும் உண்டு. ‘கொ’ ஒன்றா மூன்றா என்பதை வெட்டத் தொடங்குமுன் பேசி முடியுங்கள். பிறந்த தேதிக்கு மேல் “அன்னை மடியில்”, இறந்த தேதிக்கு மேல் “ஆண்டவன் அடியில்” என்று எழுதும் நம் வழக்கம் மரண அறிவித்தலில் அழகுதான். கல்லில் அது இடத்தையும் காசையும் தின்னும்.

காசு என்றதும் இன்னொன்று. அடக்கச் சேவைக்கு வற் எனப்படும் பெறுமதிசேர் வரி இல்லை, கல்லுக்கு 20 சதவீதம் உண்டு. விலை கேட்கும்போது வரியோடு கேளுங்கள். சில அரச உதவிகளைப் பெறும் குடும்பங்கள் இறுதிச் செலவுக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கலாம், சடங்கு நடந்து ஆறு மாதத்துக்குள். அடக்கக் கட்டணம் போக மற்ற செலவுகளுக்கு அது தருவது அதிகபட்சம் 1,000 பவுண்டு. சவப்பெட்டியும் சடங்கு நடத்துநரின் பில்லும் அதை விழுங்கிவிடும், கல்லுக்கு மிஞ்சும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

வைத்த கல்லைப் பராமரிக்கும் பொறுப்பு உரிமையாளருடையது. கவுன்சில் அவ்வப்போது வந்து அசைத்துப் பார்க்கும். ஆடுகிறதென்றால் அறிவிப்பு ஒட்டி, பத்திரத்தில் உள்ள முகவரிக்குக் கடிதம் போடும். வீடு மாறியவர்கள் கவுன்சிலுக்குப் புதிய முகவரி கொடுப்பதில்லை, கடிதம் பழைய வீட்டுக் கதவில் கிடக்கும். மாதா கோவில் பூசை முடித்து இறந்தோரை நினைவுகூரும் நவம்பர் 2ஆம் தேதி மெழுகுதிரியோடு போகும்போதுதான் கவுன்சில் கல்லைப் படுக்கவைத்திருப்பதைக் காண்பார்கள். நீதித்துறை அமைச்சு 2009இல் வெளியிட்ட வழிகாட்டல், ஆபத்தை அளவோடு எடைபோடச் சொல்கிறது, கண்டபடி கற்களைச் சாய்த்துவைப்பதை ஏற்கவில்லை. அறிவிப்பே இல்லாமல் செய்திருந்தால் முதலில் கவுன்சிலிடம் எழுத்தில் முறையிடுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் முறைப்பாடுகளை விசாரிக்கும் அதிகாரியான உள்ளூராட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், பொதுவாகப் பன்னிரண்டு மாதத்துக்குள்.

அதே குழியில் இன்னொருவரை வைக்கும் நாள் வந்தால் கல்லைக் கழற்றி, அடக்கம் முடிந்து மண் இறுகியபின் மறுபடி பொருத்த வேண்டும். அதற்கும் புதுப் பெயர் சேர்ப்பதற்கும் மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம். முதல் தடவை வாசகம் எழுதும்போதே கல்லின் கீழ்ப்பாதியை வெறுமையாக விடச் சொல்லுங்கள்.