அஸ்வெசும: தேர்தல் தீர்மானிப்பதும் புள்ளிகள் தீர்மானிப்பதும்

இலங்கை அரசாங்கம் வறிய குடும்பங்களுக்கு வழங்கும் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசுமவில் பெயர் சேர்த்துத் தருவதாக எந்த வேட்பாளர் வாக்குறுதி அளித்தாலும், அந்த அதிகாரம் அவரிடம் இல்லை. ஆனால் தேர்தலுக்கும் இக்கொடுப்பனவுக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

இதற்கு முந்தைய வறுமை நிவாரணத் திட்டங்களில், ஜனசவிய ஜனாதிபதி பிரேமதாசவின் தேர்தல் வாக்குறுதியிலிருந்து 1989இலும், சமுர்த்தி ஜனாதிபதி சந்திரிகா அரசாங்கத்தின் திட்டமாக 1995இலும் வந்தன. பயனாளிகள் தெரிவில் கட்சிச் செல்வாக்குப் புகுந்ததென்ற குற்றச்சாட்டு சமுர்த்தியைத் தொடர்ந்தே வந்தது. அஸ்வெசும பிறந்த சூழல் வேறு. 2023 மார்ச் 9இல் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் நிதியில்லை என்று பிற்போடப்பட்டது; அந்த மார்ச் மாதத்திலேயே சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனுதவிக்கு ஒப்புதல் வழங்கியது. வரியும் மின்கட்டணமும் ஏறிய நிலையில் வறியவர்களுக்கான பாதுகாப்பும் அந்த உடன்பாட்டில் இடம்பெற்றது. 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் 2023 ஜூலை முதல் கொடுப்பனவு நடைமுறைக்கு வந்தது.

தொகையையும் காலவரையறையையும் அரசாங்கமே தீர்மானிப்பதால், தேர்தல் முடிவின் தாக்கம் அங்கேதான் தெரியும். 2024 செப்டம்பரிலும் நவம்பரிலும் நடந்த தேர்தல்களுக்குப் பின், 2025 ஜனவரி முதல் வறிய குடும்பங்களின் மாதக் கொடுப்பனவு 8,500 ரூபாவிலிருந்து 10,000 ஆகவும், மிக வறிய குடும்பங்களுக்கானது 15,000 ரூபாவிலிருந்து 17,500 ஆகவும் உயர்ந்தது.

ஒரு குடும்பம் எப்பிரிவில் அடங்கும் என்பதைக் கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு துறைகளைச் சேர்ந்த 22 குறிகாட்டிகளின் புள்ளிகள் தீர்மானிக்கின்றன. இம்முறை பக்கச்சார்பைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆயினும் வெளிநாட்டிலிருக்கும் சகோதரன் எப்போதோ கட்டிக்கொடுத்த கல்வீட்டில் நிரந்தர வருமானமின்றி வாழும் பெண்ணின் நிலையை, யாழ்ப்பாணத்தில் அரிதல்லாத அந்த நிலையை, வீட்டையும் சொத்தையும் பார்த்து இடும் புள்ளி சரியாகக் காட்டுமா என்பது என் ஐயம்.

அவ்வாறு விடுபட்டவர்கள், பெயர்ப்பட்டியல் வெளியானபின் அறிவிக்கப்படும் காலத்துக்குள் தமது பிரதேச செயலகம் ஊடாகவோ இணையவழியிலோ மேன்முறையீடு செய்யலாம். தகுதியற்றவர் இடம்பெற்றிருப்பதாகக் கருதுபவர் ஆட்சேபனை தெரிவிக்கவும் இடமுண்டு. மேன்முறையீட்டில் வறுமையைப் பொதுவாக விவரிப்பதைவிட, எந்தக் குறிகாட்டியில் தகவல் பிழையாகப் பதியப்பட்டது என்பதைக் குறிப்பிட்டு, அதற்கான ஆவணத்தை இணைப்பதே பயன் தரும்.